தண்ணீர் வார்க்காத வருத்தம்

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம், ஊர் சின்னது. எனக்கு 46 வயது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. மாமிக்கு சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் எங்கள் வீட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2021 ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமையில் மாறியது. மணம் மட்டும் இரண்டு மாதம் தெரியவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மாமிக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நடுச்சாமத்தில் எழும்பி அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். மரக்கறியை உப்புத் தண்ணீரில் கழுவினேன், காசை அயன் பண்ணினேன். தடுப்பூசிக்கு மாமியைக் கூட்டிக்கொண்டுபோய் வெயிலில் வரிசையில் நின்றதும் நான்தான். கேட்டடியில் கை கழுவ ஒரு வாளியும் சவர்க்காரமும் வைத்தேன். அந்த வாளி இன்னும் அங்கேயே இருக்கிறது.

எல்லாம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குக் களைப்பு மட்டும் போகவில்லை. காலையில் எழும்பும்போதே ஒரு நாள் வேலையை முடித்த மாதிரி இருக்கிறது. யாராவது இருமினால் நெஞ்சு திடுக்கிடுகிறது. கணவர் கெட்டவர் இல்லை, ஆனால் ‘உனக்குப் பஞ்சி பிடிச்சிட்டு’ என்கிறார். மகள் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். கொரோனாப் பயம் கூடின பெண்களுக்குக் களைப்பும் கூட, மனநிலையும் மோசம் என்று ஆய்வுகள் சொல்வதாக வாசித்துக் காட்டினாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது குற்றம் சொன்ன மாதிரி இருந்தது. நான் பயந்தபடியால்தானா இப்படி ஆனேன்? பயப்படாமல் இருந்திருந்தால் இன்று நன்றாக இருந்திருப்பேனா? நீங்கள் கதை எழுதுகிறவர், மனிதர்களைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று கேட்கிறேன்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியும் என்று நீங்கள் நினைப்பது உங்கள் பெருந்தன்மை. என் மனைவியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லுவாள். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காசை அயன் பண்ணிய இடத்தில் சிரித்தாள். மாமியின் மூச்சு வந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டாள்.

மகள் வாசித்துக் காட்டியதிலிருந்தே தொடங்குகிறேன். அவள் சொன்னதில் பிழை இல்லை. 2020 இலேயே கோவிட் பயத்தை அளப்பதற்கென்று ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். மொத்தம் ஏழு கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. கூட்டினால் 7 இலிருந்து 35 வரை வரும். பல நாடுகளில், பல மொழிகளில் இதை வைத்து ஆட்களை அளந்தார்கள். பயப் புள்ளி ஏறிய இடத்தில் களைப்பும் ஏறியிருப்பதைப் பார்த்தார்கள். சரி. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு தடவை எடுத்த போட்டோ மாதிரி. பயமும் களைப்பும் ஒரே வீட்டில் குடியிருப்பது அதில் தெரியும். எது எதைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று தெரியாது. நித்திரை இல்லாதவருக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும் அல்லவா? களைத்தவருக்குப் பயம் கூடுவதும் அப்படித்தான். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து, சமைத்து, மாமிக்கு மருந்து கொடுத்து, 2020 மார்ச்சுக்கு முன்பும் நீங்கள் களைத்துத்தான் இருந்திருப்பீர்கள். யாரும் அப்போது வந்து அளக்கவில்லை.

அந்த ஏழையும் ஒருதரம் பாருங்கள். கொரோனாவை நினைத்தால் என் கை வியர்க்கிறது. என் நெஞ்சு படபடக்கிறது. எனக்கு வந்துவிடுமோ என்று நித்திரை இல்லை. என் உயிர் போய்விடுமோ என்று பயம். செய்தி பார்த்தால் எனக்குப் பதற்றம். மற்ற இரண்டும் இதே போக்குத்தான். ஏழிலும் ‘நான்’. உங்கள் கடிதத்தில் உங்கள் உயிரைப் பற்றி ஒரு வரி இல்லை. காய்ச்சல் வந்ததையும் மணம் போனதையும் ‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டீர்கள். நீங்கள் பயந்தது மாமிக்காக. அந்தத் தாளை நேர்மையாக நிரப்பியிருந்தால் உங்களுக்குப் பதினைந்து புள்ளி வந்திருக்குமோ என்னவோ. அதிகம் பயப்படாத பெண் என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மட்டக்களப்புக்கு நோய்க்கு முன்பே பயம் வந்துவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகிறவர்களைப் புணானையில் தனிமைப்படுத்தப் போகிறார்கள் என்றதும் ஊர் கொதித்தது. பத்து நாள் கழித்து, 2020 மார்ச் 20 பின்னேரம் ஆறு மணிக்கு, நாடு முழுக்க ஊரடங்கு. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். செய்ய ஒன்றும் இல்லை. ஆகவே வீட்டின் செய்தி வாசிப்பாளர் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். இத்தாலியில் எத்தனை, நியூயோர்க்கில் எத்தனை, வெலிசறை கடற்படை முகாமில் எத்தனை. ஒக்டோபரில் மினுவாங்கொட, பிறகு பேலியகொட மீன் சந்தை. விறாந்தையில் இருந்தபடி குசினிக்குக் கேட்கும்படி உரத்து வாசிப்பேன். ‘அந்தப் போனை மூடி வைங்க’ என்று சத்தம் வரும். மூடிவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்பத் திறப்பேன்.

பிளாஸ்டிக்கில் கிருமி மூன்று நாள் வரை இருக்குமாம் என்று வாசித்தேன். எனக்கு அது ஒரு வசனம். அவளுக்கு அது ஒவ்வொரு பால்மாப் பக்கெட்டையும் கழுவி, துடைத்து, கொடியில் காயப்போடுவது. இருபது விநாடி கை கழுவ வேண்டுமாம் என்றேன். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கேட்டடியில் நிரப்பியது அவள். நோய் எதிர்ப்புச் சக்தி முக்கியமாம் என்றேன். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்து, மூன்று வேளையும் டம்ளரோடு எங்கள் பின்னால் திரிந்தது அவள். சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குப் போகவில்லை. எனக்கு ஒரு பிரயாணம் மிச்சம். அவளுக்குப் பதினைந்து வீட்டுக்கு போன் எடுத்துக் கோபிக்க வேண்டாம் என்று சொல்லும் வேலை. நான் வாசித்த பயம் எல்லாம் குசினிக்குள் போனதும் வேலையாக மாறிக்கொண்டிருந்தது. செய்தி ஓய்ந்ததும் என் பதவி போய்விட்டது. அவள் வேலை எதுவும் போகவில்லை. இதை அந்த நேரத்தில் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. லான்செட் மருத்துவ இதழில் 2021 இல் உலகம் முழுவதற்குமான ஒரு மதிப்பீடு வந்தது. பெருந்தொற்றினால் 2020 இல் மேலதிகமாக 5 கோடியே 30 இலட்சம் பேருக்குக் கடும் மனச்சோர்வு, 7 கோடியே 60 இலட்சம் பேருக்குப் பதகளிப்பு. இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு அளவில் பெண்கள். பெண்கள் பயந்த சுபாவம் என்று அதை எழுதியவர்கள் சொல்லவில்லை. வீட்டுப் பராமரிப்பு அவர்கள் தலையில் விழுந்ததையும், வருமானம் போனதையும், வீட்டுக்குள் அடி உதை கூடியதையும்தான் காரணமாகக் காட்டினார்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பயம் எங்களுக்குப் புதிதா? 1978 சூறாவளி, பிறகு யுத்தம், 2004 டிசம்பர் 26. எழுவான்கரையில் பிரச்சினை என்றால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கு, அங்கே பிரச்சினை என்றால் திரும்ப இங்கே என்று ஓடிய சனம் நாங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுனாமி எச்சரிக்கை வந்தபோது நீங்களும் மாமியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். அலை வரவில்லை. இரவு திரும்பி வந்து, அறுந்துபோன செருப்பைக் காட்டிச் சிரித்தோம். அந்தப் பயத்தில் உடம்பு ஓடியது, வியர்த்தது, பத்துப் பேரோடு சேர்ந்து அழுதது, பிறகு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கியது. ஆபத்து என்றதும் அட்ரினலின், கோர்ட்டிசோல் எல்லாம் சுரந்து உடம்பை உசுப்பிவிடுவது ஓடத்தான், இல்லையென்றால் எதிர்த்து நிற்க. ஓடி முடிந்தால் அது அடங்கும். கொரோனாவிலோ ஓடாதே, வீட்டிலேயே இரு என்றார்கள். அதுதான் சரியான கட்டளை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓடத் தயாரான உடம்போடு இரண்டு வருடம் குசினிக்குள் நின்றிருக்கிறீர்கள். அகதி முகாமில்கூடப் பக்கத்துப் பாயில் ஒரு அக்கா இருப்பா. இங்கே பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கறி நீட்டினால் வாங்குவதா விடுவதா என்று யோசித்தோம்.

எனக்கு ஏழெட்டு வயதில் கொப்புளிப்பான் வந்தது. அம்மாள் வந்திருக்கிறா என்று அம்மா வாசலில் வேப்பங்குழை செருகினார். வீட்டில் தாளிப்பு நின்றது, மீன் நின்றது. யாரும் உரத்துக் கதைக்கக்கூடாது. நான் சொறியாமல் இருக்க அம்மா இரவிரவாக வேப்பிலையால் தடவிக்கொண்டு இருந்தார். பெரியம்மையைக் கண்ட தலைமுறை அது. அம்மாவும் எவ்வளவு பயந்திருப்பார் என்று இப்போது விளங்குகிறது. பிறகு ஒரு நாள், வெயிலில் வைத்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு எனக்குத் தலைக்கு வார்த்தார். பாயைச் சுருட்டினார். வாசல் குழையைப் பிடுங்கி எறிந்தார். பின்னேரம் வீட்டில் மீன் குழம்பு மணந்தது. அது கூட அம்மா வைத்தது இல்லை. பெரியம்மா வந்து சமைத்தார், அம்மா விடிய விடியத் தூங்கினார். ஒருவரும் எழுப்பவில்லை.

அந்த வேப்பங்குழை நோயை மாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. கொப்புளிப்பான் தன் பாட்டில் மாறும். தண்ணீர் வார்த்தது நோயாளிக்கு மட்டும் இல்லை என்றுதான் சொல்கிறேன். காவல் இருந்தவளுக்கும் அன்றோடு காவல் முடிந்தது. அது வீட்டுக்குத் தெரிந்தது, ஊருக்கும் தெரிந்தது. உங்களுக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்திலும், அங்கால் காரைதீவிலும் வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவதும் இந்த வகைதானே. ஊரின் வெக்கை அத்தோடு ஆறியது என்று கணக்கு.

கொரோனாவுக்கு யார் தண்ணீர் வார்த்தது? 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று ஜெனீவாவில் முடித்துவைத்தது. எங்களுக்கு அன்று வெசாக் விடுமுறை. வெசாக் கூடு பார்க்கப் போனவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அதற்குள் வேறு பயங்களும் வந்து சேர்ந்துவிட்டன. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2022 இல் காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, மாமியின் மருந்தும் கிடைத்திருக்காது. ஒரு பயம் இறங்கிய படியில் அடுத்தது ஏறியது. காவல் நின்றவளிடம் ‘சரி, நீ போய்ப் படு’ என்று சொல்ல ஒரு பெரியம்மாவும் வரவில்லை. உங்கள் கேட்டடி வாளி இன்னும் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

முஸ்லிம் ஊரான காத்தான்குடியை விட்டுவிட்டு இதை எழுத மனம் வரவில்லை. 2020 ஏப்ரலில் தொடங்கி அடுத்த வருடம் பெப்ரவரி வரை, கோவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்பது சட்டம். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். என் நண்பரின் மனைவி அந்த மாதங்களில் தன் உம்மா இருமும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்துவாவாம். ‘வருத்தத்துக்கு ஒரு பங்கு பயந்தா, நெருப்புக்கு ஒம்பது பங்கு பயந்தம்’ என்று பிறகு சொன்னா. உங்களுக்கும் அவவுக்கும் ஒரே ஏழு கேள்விதான். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இவ்வளவும் கதைகாரன் பேச்சு. இதை நம்பிக்கொண்டு நீங்கள் டொக்டரிடம் போகாமல் விட்டால் அது என் பிழையாகிவிடும். 46 வயதில் வருடக்கணக்காகக் களைப்பு என்றால் மனத்தை மட்டும் சந்தேகப்படக்கூடாது. இரத்தம் குறைந்திருக்கலாம், தைரொயிட் மந்தமாக இருக்கலாம், சீனி தொடங்கியிருக்கலாம். மாதவிடாய் நிற்கப் போகும் காலத்தில் நித்திரை குழம்புவதும் உண்டு. இன்னொன்று, மணம் போனதைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். கோவிட் வந்து மூன்று மாதமாகியும், இரண்டு மாதத்துக்குக் குறையாமல், வேறு காரணம் சொல்ல முடியாத களைப்போ மூச்சு வாங்கலோ யோசனைத் தடுமாற்றமோ இருந்தால் அதை நீடித்த கோவிட் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வரையறுத்தது. அது பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. உங்களுடையது அதுதான் என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. காய்ச்சல் வந்த மாதம், மணம் போன காலம், களைப்பு தொடங்கிய நேரம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் அங்கேயும் ‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிடுவீர்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, உங்கள் மிட்வைஃபைக் கேட்டால் நாள் சொல்லுவா. இருமல் சத்தத்துக்கு நெஞ்சு திடுக்கிடுவதையும் அங்கே சொல்லுங்கள். யாரிடமாவது கதைக்க வேண்டும் போல் இருந்தால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தினுடையது. அதற்கு எடுப்பதால் ஒருவருக்கும் பைத்தியப் பட்டம் வராது.

பயப்படாமல் இருந்திருந்தால் என்று கேட்டீர்கள். காசை அயன் பண்ணியது வீண்வேலை. பக்கெட் கழுவியதும் பெரும்பாலும் வீண்தான், பொருட்களைத் தொட்டுப் பரவுவது மிகக் குறைவு என்று பிறகு தெரிந்தது. அந்த மார்ச்சில் அது யாருக்குத் தெரியும்? தடுப்பூசி வரிசையில் மாமியோடு நின்றது வீண் இல்லை. அதுவும் அதே பயம்தான் செய்த வேலை. இதில் எதை வேண்டாம் என்று கழிப்பது? எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கணவர் சொன்ன சொல்லைப் பற்றியும் ஒன்று. பஞ்சி என்பது ஏலக்கூடியதைச் செய்யாமல் படுத்துக் கிடப்பது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஊரடங்கு முழுக்க எனக்கு இருந்தது அதுதான். நீங்கள் செய்துகொண்டே களைக்கிறீர்கள். அவரோடு வாதாட வேண்டாம். ஒரு கிழமைக்கு மாமி இரவில் இருமினால் எழும்புவது அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மாதானே.

இதுவரை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள்.

‘எல்லாம் சரி. வாளிய என்ன செய்யச் சொன்னீங்க?’

‘அதுக்கு விளக்கம் சொல்லியிருக்கன்’ என்றேன்.

‘விளக்கம். எங்கட வாளிய நான் எடுத்து மாட்டுக்குக் கழுநீர் வைக்கத் தொடங்கி ரெண்டு வருசம். உங்களுக்கு அதுவும் தெரியாது.’ குசினிக்குப் போனவள் திரும்பி வந்தாள். ‘அந்தப் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குளிசை குடுத்தாங்க எண்டா, அத பிளேன்டியோட குடிக்க வேணாம் எண்டு எழுதுங்க. தேத்தண்ணியோட எடுத்தா உடம்பில ஒட்டாது.’

எழுதிவிட்டேன்.